625 என்றால் எது 625? மருந்தகத்தில் அலகு மாற்றக் கணக்குகள்

டிஃபார்ம்_இரண்டாமாண்டு

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கணக்கில் குழப்பம். 10 கிலோ குழந்தைக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் சிரப். சீட்டில் "அமாக்சிசிலின் 225 மி.கி., காலை, இரவு" என்று இருக்கிறது. அலமாரியில் இருக்கும் பாட்டிலில் 5 மி.லி.க்கு 228.5 மி.கி. என்று போட்டிருக்கிறது. கிட்டத்தட்ட சமம்தானே, "5 மி.லி." என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

இன்னொன்று. தேர்வுக்கும் வேலைக்கும் சேர்த்து மனப்பாடம் பண்ண அலகு மாற்ற அட்டவணை ஏதாவது இருந்தால் போடுங்கள்.

கல்வம்

எழுதிவிடாதே தம்பி. 228.5 என்பது இரண்டு மருந்தின் கூட்டுத்தொகை. அமாக்சிசிலின் 200, கிளாவுலனிக் அமிலம் 28.5. சீட்டில் இருப்பதோ அமாக்சிசிலின் மட்டும். ஆகவே 225 ÷ 200 × 5 = 5.6 மி.லி. நீ சொன்ன 5 மி.லி. கொடுத்தால் ஒன்பதில் ஒரு பங்கு குறையும். இந்தக் குழந்தைக்கு அது பெரிய சேதமில்லை. ஆனால் இதே பழக்கத்தோடு கோட்ரைமாக்சசோல் பாட்டிலைத் தொட்டால் கதை வேறு. அதில் 5 மி.லி.க்கு 240 என்றால் சல்ஃபாமெதாக்சசோல் 200, ட்ரைமெத்தோப்ரிம் 40. குழந்தைகளுக்கு டோஸ் பெரும்பாலும் ட்ரைமெத்தோப்ரிம் கணக்கில்தான் வரும். 40 மி.கி. ட்ரைமெத்தோப்ரிம் என்றால் 5 மி.லி. 240-ஐயும் ட்ரைமெத்தோப்ரிம் என்று எடுத்துக்கொண்டால் 0.8 மி.லி. வரும். ஆறில் ஒரு பங்கு மருந்தோடு குழந்தை வீட்டுக்குப் போகும்.

மாத்திரையிலும் இதே வேலைதான். 375 என்பது 250+125. 625 என்பது 500+125. 1000 என்பது 875+125. மூன்றிலும் கிளாவுலனிக் அமிலம் அதே 125. "625 ஸ்டாக் இல்லை, 375 இரண்டு போடுங்கள்" என்று கவுண்டரில் சொல்வது அமாக்சிசிலினுக்குச் சரி. கிளாவுலனிக் அமிலம் மட்டும் இரட்டிப்பாகிவிடும், அடுத்த நாள் வயிற்றுப்போக்கு என்று திரும்பி வருவார்கள். ஊசியில் செஃபோபெரசோன்-சல்பாக்டம் பார். 1.5 கிராம் வயலில் (ஊசி மருந்துக் குப்பி) 1+0.5, 2 கிராம் வயலில் 1+1. மேலே போட்ட எண் ஏறியிருக்கிறது, செஃபோபெரசோன் ஏறவே இல்லை.

இரும்புச்சத்து மாத்திரையில் சிக்கல் கூட்டல் இல்லை, உப்பு: எண் சில நேரம் இரும்பு சேர்ந்த உப்பின் எடை, சில நேரம் இரும்பின் எடை. உலர் ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி.யில் இரும்பு சுமார் 65 மி.கி.தான். ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.யில் 35. ஆனால் ஃபெரஸ் அஸ்கார்பேட் அட்டையில் 100 என்று போட்டால் அது நேரடியாக இரும்பின் கணக்கு. அரசு கொடுக்கும் கர்ப்பிணி மாத்திரையில் உள்ள 60-ம் அப்படித்தான், கூடவே ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். "200-லிருந்து 100-க்கு இறக்கிவிட்டார்களே" என்று கேட்டு வருபவருக்கு உண்மையில் ஏறியிருக்கிறது.

அட்டவணை கேட்டாய். ஒரு கிராம் 1000 மி.கி., ஒரு மி.கி. 1000 மைக்ரோகிராம், 1% என்றால் மி.லி.க்கு 10 மி.கி. இதைத் தாண்டி மனப்பாடம் வேண்டாம். அட்டையில் பெரிய எழுத்துக்குக் கீழே "எக்விவலன்ட் டு" (இதற்குச் சமம்) என்று எறும்பளவு எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் கால்குலேட்டரைத் தொடாதே.

கவுண்டர்_கணக்கு

கல்வம் சார் சொன்னதோடு சில்லறைக் கடைப் பக்கம் இருந்து ஒன்று. பாராசிட்டமால். மூன்று வலிமை ஒரே அலமாரியில் நிற்கும். சொட்டு மருந்து மி.லி.க்கு 100 மி.கி., சிரப் 5 மி.லி.க்கு 125, இன்னொரு சிரப் 5 மி.லி.க்கு 250. பத்துக் கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 வீதம் 150 மி.கி. என்றால்:

சொட்டு மருந்து 1.5 மி.லி.
125 சிரப் 6 மி.லி.
250 சிரப் 3 மி.லி.

போன தடவை 125 சிரப் வாங்கிய அம்மாவுக்கு "6 மி.லி." மனதில் பதிந்திருக்கும். இந்தத் தடவை சொட்டு மருந்து கையில் போனால் அதே 6 மி.லி.யில் 600 மி.கி. கிலோவுக்கு 60. ஒரு நாள் முழுவதற்குமான அளவு ஒரே வேளையில். அமெரிக்காவில் 2011-ல் இந்தச் சிக்கலுக்காகவே கைக்குழந்தை சொட்டு மருந்தையும் சிரப்பையும் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்று ஒரே வலிமைக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே மூன்றும் இருக்கத்தான் போகிறது. ஆகவே பாட்டில் மேல் "150 மி.கி. = 1.5 மி.லி." என்று இரண்டையும் எழுதுங்கள். வெறும் மி.லி. எழுதினால் அடுத்த பாட்டிலுக்கும் அதையே தூக்கிக்கொண்டு போவார்கள்.

"ஒரு ஸ்பூன்" என்ற பேச்சே வேண்டாம். டீஸ்பூன் 5, டேபிள் ஸ்பூன் 15 என்பது புத்தகத்தில். வீட்டு எவர்சில்வர் ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. மூடியில் 2.5, 5, 10 கோடுதான் இருக்கும், 5.6 மி.லி.யை அதில் எப்படி அளப்பது? ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்ச் ஒன்றைக் கூடவே கொடுத்து, கோடு எங்கே என்று பேனாவால் கீறிக் காட்டுங்கள்.

வைட்டமின் டி-யும் அப்படித்தான். தினசரி சொட்டு 400 யூனிட். பக்கத்திலேயே 5 மி.லி. குட்டிப் பாட்டில், 60,000 யூனிட். 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம், அதனால் ஒன்று 10 மைக்ரோகிராம், மற்றது 1.5 மி.கி. குட்டிப் பாட்டிலை "தினமும்" என்று கொடுத்தால் 150 நாள் மருந்து ஒரே நாளில் உள்ளே போகிறது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். பெரிய பொட்டலம், சுமார் 21 கிராம், ஒரு லிட்டருக்கு. சின்னது 4.2 கிராம், 200 மி.லி.க்கு. பெரியதை ஒரு டம்ளரில் கலக்கினால் லிட்டருக்கு 75 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் 375 ஆகிவிடும்.

டிஃபார்ம்_இரண்டாமாண்டு

நன்றி சார். இன்சுலினில் யூனிட் என்பதே அளவுதானே, அங்கே மாற்றக் கணக்கு எங்கே வருகிறது?

கிள்ளான்_மருந்தகம்

அங்கேதான் அதிகம் வருகிறது தம்பி. மலேசியாவில் எங்களுக்கு மி.லி.க்கு 100 யூனிட் மட்டுமே பழக்கம். இந்தியாவில் வயல் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40. இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100, அதாவது 3 மி.லி.யில் 300 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. இங்கிருந்து சிரிஞ்சை எடுத்துக்கொண்டு சென்னையில் மூன்று மாதம் தங்கப் போகிறவர்கள் நிறைய. அங்கே மருந்து தீர்ந்ததும் வயல் வாங்குவார்கள்.

20 யூனிட் போட வேண்டியவர், ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை 40 வயலில் இருந்து இழுத்தால் உள்ளே வருவது 0.2 மி.லி. அதில் 8 யூனிட்தான் இருக்கும். சர்க்கரை ஏறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். பிறகு யாராவது சரியான சிரிஞ்ச் கொடுத்த அன்று தாழ்சர்க்கரை. எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். பேனா கெட்டுப்போய் கார்ட்ரிட்ஜில் இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 0.5 மி.லி., 50 யூனிட்.

சர்க்கரை அளவும் இரண்டு மொழி பேசும். எங்கள் கருவி லிட்டருக்கு மில்லிமோல் காட்டும், உங்களுடையது டெசிலிட்டருக்கு மி.கி. 18-ஆல் பெருக்கினால் உங்கள் எண். 7 என்றால் 126. கிரியாட்டினினுக்கு 88.4-ஆல் வகுக்க வேண்டும், 150 மைக்ரோமோல் என்றால் 1.7 மி.கி. சிறுநீரக வடிகட்டு கணக்கில் 72 வைத்த சூத்திரம் மி.கி.க்கு. 1.23 (ஆண்), 1.04 (பெண்) வைத்த சூத்திரம் மைக்ரோமோலுக்கு. மாற்றிப் போட்டால் விடை கோமாளித்தனமாக வரும், அதனால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

வெள்ளை_அங்கி

சரியான சிரிஞ்ச் கிடைக்காத ஊரில் 2.5-ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது. 40 வயலில் இருந்து 20 யூனிட் வேண்டுமானால் 100 சிரிஞ்சில் 50 கோடு. கணக்கு சுத்தமாக இருக்கிறது, எதற்கு இவ்வளவு பயம்?

கிள்ளான்_மருந்தகம்

கணக்கு சுத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் நோயாளி "நான் 50 போடுகிறேன்" என்று மனதில் வைத்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அதையே சொல்வார், சீட்டில் 50 யூனிட் ஏறும், பேனாவில் 50 திருப்புவார்கள். வீட்டுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. வார்டில் வேறு வழியே இல்லையென்றால் 1 மி.லி. சாதா சிரிஞ்ச் எடுங்கள். யூனிட் ÷ 40 = மி.லி. அதில் யூனிட் கோடே கிடையாது, ஆகவே பொய் சொல்லாது.

கல்வம்

இதில் கிள்ளான் நண்பர் பக்கம்தான் நான். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யூனிட் என்பதை ஆங்கில "யு" ஒற்றை எழுத்தாகச் சீட்டில் கண்டால் கூப்பிட்டுக் கேளுங்கள். 10-க்குப் பக்கத்தில் அவசரமாக எழுதிய "யு" சுழியமாகி 100 ஆகிவிடும். 1.0 என்று எழுதினால் புள்ளி அழிந்து 10. சுழியம் இல்லாமல் .5 என்று எழுதினால் 5.

ஐசியு_இரவுப்பணி

சதவீதம், விகிதம், மில்லி ஈக்விவலன்ட் (உப்பின் அயனி அளவைச் சொல்லும் அலகு) மூன்றும் இங்கே ஒரே தட்டில் கிடக்கும். வரிசையாகச் சொல்கிறேன்.

அட்ரினலின் 1:1000 என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், மி.லி.க்கு 1 மி.கி. 1:10,000 என்றால் மி.லி.க்கு 0.1 மி.கி. ஒரு ஆம்பூல் 1 மி.லி.யோடு 9 மி.லி. சலைன் சேர்த்தால் இரண்டாவது கிடைக்கும். பத்து அல்ல, ஒன்பது. ஒவ்வாமை அதிர்ச்சிக்குத் தசையில் 0.5 மி.கி. என்றால் 1:1000-ல் 0.5 மி.லி. அமெரிக்காவில் 2016 முதல் தனி அட்ரினலின் லேபிளில் இந்த விகிதத்தையே எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை. மரத்துப்போகும் மருந்தோடு வரும் 1:2,00,000 என்பது மி.லி.க்கு 5 மைக்ரோகிராம்.

லிக்னோகெய்ன் 2% மி.லி.க்கு 20 மி.கி. அட்ரினலின் இல்லாமல் கிலோவுக்கு 4.5 மி.கி. உச்சம் என்று வைத்தால் 60 கிலோ ஆளுக்கு 270 மி.கி., 13.5 மி.லி. 30 மி.லி. வயல் முழுவதும் ஒரே ஆளுக்கு இல்லை என்று அர்த்தம்.

பொட்டாசியம் குளோரைடு 15%, 10 மி.லி. ஆம்பூலில் 1.5 கிராம். மூலக்கூறு எடை 74.5, மி.லி.க்கு 150 மி.கி., அதனால் 150 ÷ 74.5, மி.லி.க்கு 2 மில்லி ஈக்விவலன்ட், ஆம்பூலுக்கு 20. இதை ஒருபோதும் நேரடியாக நரம்பில் தள்ளக் கூடாது. 500 மி.லி.யில் ஒரு ஆம்பூல் சேர்த்தால், மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் என்ற பொது வரம்பில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். சேர்த்த பிறகு பாட்டிலைத் தலைகீழாகப் பல முறை புரட்டுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசி வழியாக ஏற்றினால் பொட்டாசியம் அடியில் தேங்கி, முதலில் அதுவே இறங்கும். கணக்கு சரி, கலவை தப்பு.

சோடா பைகார்ப்: வெளிநாட்டுப் புத்தகங்களில் 8.4%, மி.லி.க்கு சரியாக 1. இங்கே ஆம்பூல் 7.5%, மி.லி.க்கு 0.9. 50 வேண்டுமானால் 56 மி.லி.

கால்சியத்தில் கவனம். குளுக்கோனேட் 10% 10 மி.லி., குளோரைடு 10% 10 மி.லி., இரண்டிலும் உப்பு 1 கிராம். ஆனால் கால்சியமாகப் பார்த்தால் முதலாவதில் 93 மி.கி., இரண்டாவதில் 272. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. "ஒரு ஆம்பூல் கால்சியம்" என்று வாய்வழி உத்தரவு வந்தால் எது என்று கேட்காமல் உடைக்காதீர்கள்.

மெக்னீசியம் சல்ஃபேட் 50%, 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம். பிரசவ வலிப்புக்கு நரம்பு வழி 4 கிராம் 20% கரைசலாக வேண்டும். 4 ஆம்பூல், அதாவது 8 மி.லி., மேலே 12 மி.லி. வாலைநீர், மொத்தம் 20. பிறகு ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராம், அதற்கு 50%-ஐ அப்படியே 10 மி.லி. ஒன்றை நீர்த்து, மற்றதை நீர்க்காமல். இதை மாற்றிச் செய்வதுதான் நடக்கும் தப்பு.

சொட்டுக் கணக்கு எளிது. மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மி.லி., ஆகவே நிமிடச் சொட்டும் மணிக்கான மி.லி.யும் ஒரே எண். சாதா செட் 20, சில கம்பெனிக்கு 15, கவரில் பார்க்கவும். 500 மி.லி. 4 மணி நேரத்தில் 20 செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு.

ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் 60 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். 2 ஆம்பூலை 50 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 80. சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 4.5 மி.லி.

வெள்ளை_அங்கி

2 ஆம்பூல் என்றால் 8 மி.கி. அல்லவா? எங்கள் ஆம்பூலில் 4 மி.கி. என்று போட்டிருக்கிறது. மி.லி.க்கு 160 வரும், பம்பில் 2.25 வைக்க வேண்டும். நீங்கள் இரட்டிப்பு கொடுக்கிறீர்கள்.

ஐசியு_இரவுப்பணி

உங்கள் ஆம்பூலைத் திருப்பிப் பாருங்கள். 4 மி.கி. என்பது பைடார்ட்ரேட் உப்பு. அதில் நார்அட்ரினலின் 2 மி.கி. உப்பு 2 பங்குக்கு மூல மருந்து 1 பங்கு. நீங்கள் சொன்னபடி 2.25 வைத்தால் நோயாளிக்குப் பாதிதான் போகும். ரத்த அழுத்தம் ஏறவில்லை என்று நீங்களே பம்பைக் கூட்டிக்கொண்டு போவீர்கள், அதனால் அந்த வார்டுக்குள் தெரியாது. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது "0.2-ல் ஓடுகிறது" என்று எழுதி அனுப்புவீர்கள். அங்கே அவர்கள் மூலக் கணக்கில் 0.2 வைத்தால் ஒரேயடியாக இரட்டிப்பு.

வெள்ளை_அங்கி

எல்லோரும் உப்புக் கணக்கிலேயே எழுதினால் ஒரே வார்டுக்குள் குழப்பம் வராதே. உப்பு தப்பு என்று ஏன் சொல்ல வேண்டும்?

கல்வம்

உப்பு தப்பில்லை. சிரிஞ்சில் ஒட்டும் லேபிளில் "நார்அட்ரினலின் 4 மி.கி. (மூலம்) / 50 மி.லி. = 80 மைக்ரோகிராம்/மி.லி." என்று முழுதாக எழுதுங்கள். உப்பு என்றால் உப்பு என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால்தான் தப்பு. வலிப்பு மருந்தான ஃபெனிடாயினிலும் இதே சிக்கல்: சோடியம் உப்பு 100-ல் ஃபெனிடாயின் 92. எட்டு சதவீதம்தானே என்று விடக் கூடிய மருந்து அது இல்லை. மேல் எல்லைக்குப் பக்கத்தில் கொஞ்சம் கூட்டினாலும் ரத்த அளவு தாவிவிடும்.

குன்றிமணி

குறுக்கே ஒரு பழைய விஷயம். பாராசிட்டமால் ஏன் 650, ஆஸ்பிரின் ஏன் 325 என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கிரெய்ன் 64.8 மி.கி. ஐந்து கிரெய்ன் 324, பத்து கிரெய்ன் 648. பழைய பிரிட்டிஷ் அளவின் எச்சம். ஃபீனோபார்பிட்டோன் 30, 60 என்பதும் அரை கிரெய்ன், ஒரு கிரெய்ன்தான், 60-ஆக முழுமையாக்கியது. பழைய மருத்துவக் குறிப்பில் ஆங்கில "ஜிஆர்" கண்டால் அது கிராம் இல்லை, கிரெய்ன். பதினைந்து மடங்கு வித்தியாசம்.

நம் சித்த மருந்து நூல் அளவுகளில் குன்றிமணி 130 மி.கி., பணவெடை 488 மி.கி., வராகன் 4.2 கிராம், பலம் 35 கிராம். குன்றிமணி கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன். செந்தூரம், பற்பம் எழுதும்போது "ஒரு குன்றி" என்பதைக் கண்ணளவில் எடுக்காமல் தராசில் நிறுக்க வேண்டும். ரச (பாதரச) மருந்தில் கண்ணளவு ஆகாது.

கவுண்டர்_கணக்கு

லட்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் என்றால் வெளிநாட்டுப் புத்தகத்தில் 2.4 மில்லியன். ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் 1.5 மில்லியன். ஒரு மில்லியன் பத்து லட்சம். 12,00,000 என்றும் 1,200,000 என்றும் காற்புள்ளி இடம் மாறி வருவதால் சுழியங்களை எண்ணாதீர்கள், "12 லட்சம்" என்று சொல்லால் எழுதுங்கள்.

பென்சிலின் பொடிக்கு இன்னொரு நுணுக்கம். 10 லட்சம் வயலில் பொடி 600 மி.கி., அது சுமார் 0.4 மி.லி. இடம் பிடிக்கும். 4 மி.லி. தண்ணீர் விட்டால் 4.4 ஆகும், மி.லி.க்கு 2.27 லட்சம்தான். 3.6 விட்டால் சரியாக 2.5 லட்சம். பெரியவர்களுக்கு முழு வயலும் போகும், கவலையில்லை. பச்சிளங்குழந்தைக்கு 0.4 மி.லி. எடுக்கும்போது ஒன்பது சதவீதம் குறையும்.

டிஃபார்ம்_இரண்டாமாண்டு

நிறையத் தெளிந்தது. 25% டெக்ஸ்ட்ரோஸும் 5%-ம் வைத்து 10% செய்வது, 95% ஆல்கஹாலில் இருந்து 70% செய்வது, இரண்டும் ஒரே வழிதானா?

கல்வம்

முதலாவது குறுக்குக் கணக்கு. 25-க்கும் 10-க்கும் இடைவெளி 15, அது 5%-இன் பங்கு. 10-க்கும் 5-க்கும் இடைவெளி 5, அது 25%-இன் பங்கு. 1:3. அதாவது 25 மி.லி. + 75 மி.லி. சரிபார்: 6.25 கிராம் + 3.75 கிராம் = 100 மி.லி.யில் 10 கிராம்.

ஆல்கஹாலில் 70 ÷ 95 × 1000 = 737 மி.லி. அதோடு 263 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றினால் ஒரு லிட்டர் வராது, இரண்டும் சேரும்போது கன அளவு சுருங்கும். 737-ஐ அளவு ஜாடியில் ஊற்றி, தண்ணீர் விட்டுக் கலக்கி, சூடு ஆறிய பிறகு 1000 கோடு வரை நிரப்பு.

டிஃபார்ம்_இரண்டாமாண்டு

கடைசியாக ஒன்று சரிபார்த்துச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின், 60 கிலோ, கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட், 1080. 5 மி.லி. வயல் ஒன்றை 50 மி.லி. ஆக்கினால் 25,000 ÷ 50 = மி.லி.க்கு 500. பம்பில் 2.2.

ஐசியு_இரவுப்பணி

வகுத்தல் சரி. ஆனால் எந்த 5 மி.லி. வயல்? மி.லி.க்கு 5000 என்று ஒன்று, மி.லி.க்கு 1000 என்று ஒன்று, இரண்டும் 5 மி.லி.யில் வரும். இரண்டாவதை எடுத்திருந்தால் வயலில் மொத்தமே 5000, கரைசல் மி.லி.க்கு 100, பம்பில் 2.2 வைத்தால் மணிக்கு 220 யூனிட். ஐந்தில் ஒரு பங்கு. முதலில் நீ ஏற்றியது 1000 வயலாக இருந்து அடுத்த ஷிஃப்ட் 5000 வயலை ஏற்றினால் நேர்மாறு. இரண்டையும் வேறு வேறு தட்டில் வைக்கச் சொல், காலி வயலை சிரிஞ்ச் தீரும்வரை பம்ப் பக்கத்திலேயே வை.